இன்னும் மோதிக்கொண்டிருக்கும் மலை

பள்ளியில் புவியியல் நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே வாக்கியத்தைத்தான் கரும்பலகையில் எழுதிவந்தேன்: ‘இந்தியத் தட்டு யுரேசியத் தட்டுடன் மோதியதால் இமயமலை உருவானது.’ பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் எழுதுவார்கள். நானும் இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். அதில் ஒரு பிழை இருப்பது, அம்மாவை நேபாளத்தில் இருக்கும் முக்திநாத்துக்கு அழைத்துக்கொண்டு போனபோதுதான் எனக்கு உறைத்தது. ‘மோதியதால்’ என்ற சொல்லில் இருக்கிறது பிழை. என்றோ நடந்து முடிந்த விஷயம் போல அதை இறந்தகாலத்தில் எழுதிவந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு முக்திநாத் நெடுநாள் ஆசை. நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடியது அந்த இடத்தைத்தான் என்பது வைணவர் நம்பிக்கை. நவதிருப்பதி, நாங்குநேரி, திருக்குறுங்குடி என்று எங்கள் பக்கத்துக் கோயில்களை எத்தனையோ முறை சேவித்தவள், 2018-இல் ஒருநாள், முழங்கால் முழுக்கக் கைவிடுவதற்குள் அங்கேயும் போய்வந்துவிட வேண்டும் என்றாள். காலாண்டு விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்துப் போட்டேன். யாத்திரைக் குழுவில் முப்பது பேருக்கு மேல். கூடவே பாத்திரம் பண்டத்தோடு சமையல்காரர்கள். கோரக்பூர் வரை ரயில், அதன்பிறகு பேருந்து.

கோரக்பூரிலிருந்து சோனௌலி எல்லை வரைக்கும், எல்லை தாண்டி இன்னும் கொஞ்ச தூரமும் நிலம் பலகை போலக் கிடக்கிறது. கரும்பும் நெல்லுமாகப் போகும் வழியில் சிறு குன்றுகூடக் கண்ணில் படாது. மலையின் பாரம் அழுத்துவதால் இந்தியத் தட்டின், அதாவது நம் நாட்டைச் சுமக்கும் பெரும் பாறைத் தகட்டின், வடக்கு விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. அப்படி உண்டான பள்ளத்தைக் கங்கையும் அதன் துணையாறுகளும் மலையிலிருந்து கொண்டுவந்த மண்ணால் நிரப்பி வைத்திருக்கின்றன. நாங்கள் போன சாலைக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் வெறும் வண்டல்தான்.

அப்புறம் பட்வல் என்ற ஊர் வந்தது. சமவெளி அங்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. கடைத்தெருவுக்குப் பின்னாலேயே மலை எழும்பி நிற்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் வயலின் ஓரத்திலிருந்து இப்படித்தான் கிளம்பும். ஆனால் அந்தப் பாறைகள் எப்போதோ அடங்கிப்போனவை. பட்வலில் பேருந்து முதல் வளைவு ஏறும்போது நாங்கள் தாண்டியது இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரு பிளவு. இமயத்தின் முன்விளிம்புப் பிளவு. இந்தியத் தட்டு மலைக்கு அடியில் நுழைகிற வாசல் அது.

பிளவு என்ற சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். நிலம் வாய் பிளந்து கிடக்கிற மாதிரி ஒரு படம் மனதில் வரும். இமயத்தின் பெரிய பிளவுகள் அப்படி இல்லை. சாய்வான ஒரு தளம், அதற்கு மேலே ஒரு பாறைப் பாளம், கீழே ஒரு பாளம். இரண்டு பக்கமிருந்தும் நெருக்கும்போது மேலே உள்ளது கீழே உள்ளதன் மீது ஏறும். வகுப்பில் இதை நான் பல விதமாக விளக்கிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எனக்கே விளங்கவைத்தது எங்கள் தாத்தாவின் உப்பளம்.

தாத்தா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால், உப்பு வாருவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பேன். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகை போட்டு இழுப்பார்கள். பலகை நகர நகர, தரையோடு ஒட்டிக் கிடந்த உப்பு பெயர்ந்து பலகைக்கு முன்னால் குவியும். குவியல் ஓர் அளவுக்கு உயர்ந்ததும் அதற்கு மேல் உயராது. அதன் காலடியில், இன்னும் யாரும் தொடாத உப்பில் ஒரு விரிசல் ஓடும். அங்கிருந்து ஒரு புதுப் பாளம் பெயர்ந்து குவியலோடு சேரும். குவியல் மறுபடி கொஞ்சம் உயரும், மறுபடி முன்னால் ஒரு விரிசல் விழும். திபெத்தைப் பலகையாகவும் இந்தியத் தட்டைப் பாத்தித் தரையாகவும் வைத்துக்கொண்டால் இமயமலை அந்தக் குவியல். பலகை நிற்க, தரை அதன் அடியில் போகிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்தத் தரை எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்த இந்தியா வடக்கே நகர்ந்தது. 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ. வரை போன வேகம் அது. கண்டங்களுக்கு அது ஓட்டம். நடுவில் இருந்த தெத்திஸ் கடலின் தரை, கனமான பாறை என்பதால், திபெத்துக்கு அடியில் அமிழ்ந்துகொண்டே போனது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தீர்ந்து, கரையும் கரையும் முட்டிக்கொண்டன. கண்டத்தின் பாறை இலேசானது, கடல்தரை மாதிரி எளிதாக அமிழாது. அதனால் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்றும் இந்தியா ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. வடக்கே வருகிறது. அதில் ஏறக்குறையப் பாதி, சுமார் 2 செ.மீ., இமயமலையின் குறுக்கே நெருங்குகிறது. மிச்சத்தைத் திபெத்தும் அதற்கு அப்பால் உள்ள நிலங்களும் வாங்கிக்கொள்கின்றன.

பட்வலைத் தாண்டியதும் சாலையோரம் வெட்டுப்பட்டுத் தெரிந்த பாறை, கைவிரலால் உதிர்க்கலாம் போல இருந்தது. மணலும் கூழாங்கல்லும் இறுகி உண்டான சிவாலிக் குன்றுகள் அவை. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துவந்து ஒருகாலத்தில் சமவெளியில் கொட்டிய மண், இப்போது அதே மலையின் முதல் வரிசையாக எழுந்து நிற்கிறது. தாத்தா வரப்பில் குவித்த உப்பைப் போலவே, கடைசியாகப் பெயர்ந்த பாளம் முன்னால் நிற்கிறது. அதற்கு வடக்கே இரண்டாவது பெரிய பிளவைத் தாண்டித் தான்சேன், பொக்காரா. மூன்றாவது பிளவு இன்னும் வடக்கே, காளி கண்டகி ஆற்றங்கரையில், தாதோபானிக்கும் டானாவுக்கும் பக்கத்தில் இருக்கிறது.

தாதோபானி என்றால் நேபாளியில் வெந்நீர். மழைநீர் விரிசல்கள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூட்டோடு மேலே வந்துகொண்டிருக்கும் பாறைகளில் கொதித்து, ஆற்றங்கரையில் ஊற்றாக வெளியேறுகிறது. நேபாளத்தின் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது பிளவை ஒட்டித்தான் வரிசையாக இருக்கின்றன. பேருந்திலிருந்து ஜீப்புக்கு மாறியிருந்தோம். அம்மா இரண்டு முழங்கால்களையும் அந்தத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து ஏறும்போது பள்ளத்தாக்கு குறுகி, ஆறு செங்குத்தாகப் பாய ஆரம்பிக்கிறது. ஒருபக்கம் 8,167 மீட்டர் உயரத் தௌலகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா. இரண்டுக்கும் நடுவில் நாங்கள்.

வயதுக் கணக்கில் பார்த்தால், இந்த மூன்றில் தாதோபானிப் பிளவுதான் மூத்தது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மும்முரமாக வேலை செய்தது. அப்புறம் நெருக்கடி தெற்கே நகர்ந்து, நடுப் பிளவு உண்டானது. பட்வலில் இருப்பது கடைக்குட்டி. மேலே தனித்தனியாகத் தெரிந்தாலும் ஆழத்தில் மூன்றும் ஒரே தளத்தில் போய்ச் சேருகின்றன. மலைக்கு அடியில் வடக்கு நோக்கி மெல்லச் சரிந்து போகும் அந்தத் தளம்தான் எல்லாவற்றுக்கும் தாய்ப்பிளவு. இந்தியா அதன் வழியேதான் திபெத்துக்கு அடியில் போகிறது.

அடியில் போகிறது என்பதற்கு முதல் துப்பு கிடைத்த கதை நம்ம சென்னையில் தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துகொண்டே போன வேலை, அவருக்குப் பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. அங்கே ஒரு கணக்கு இடித்தது. கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம், நிலத்தில் அளந்தால் ஒன்று, நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிட்டால் இன்னொன்று. வித்தியாசம் 5 விகலைக்குச் சற்று மேல். ஒரு பாகையை 3,600 கூறிட்டால் ஒரு கூறுதான் விகலை. இமயத்தின் பெரும்பாறை, நட்சத்திரக் கணக்குக்குச் செங்குத்தைக் காட்டும் தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் 1855-இல் கணக்குப் போட்டார். வந்த விடை ஏறக்குறைய 16 விகலை. அதாவது, இவ்வளவு பெரிய மலை இழுக்கவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது.

அதே ஆண்டில் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கில வானியலாளர் ஒரு விளக்கம் சொன்னார்: மலைக்கு வேர் இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் கட்டை போல, மேலே உயர்ந்திருப்பதைவிட அதிகமாக இலேசான பாறை கீழே அமிழ்ந்து, கனமான பாறையின் இடத்தைப் பிடித்திருக்கிறது; இழுப்பு குறைவதற்கு அதுதான் காரணம். இன்றைக்கு நிலநடுக்க அலைகளை வைத்து அளந்தால், திபெத்துக்கு அடியில் பூமியின் மேலோட்டின் தடிமன் 70 கி.மீ. அளவுக்கு இருக்கிறது. சாதாரணமாகக் கண்டங்களுக்கு 35 கி.மீ. வாக்கில்தான். ஒன்றின் கீழ் ஒன்று நுழைந்து இரட்டையாகிக் கிடக்கிறது. பரங்கிமலையில் இழுத்த சங்கிலி இந்த உண்மை வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஜோம்சோமை அடைந்தபோது மதியம். மதியத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று ஆளைத் தள்ளும். பச்சை மறைந்து, எங்கும் சாம்பலும் பழுப்புமாக வறண்ட மலைகள். நான்காவதாக ஒரு பிளவையும் தாண்டியிருந்தோம். அது மேலே உள்ள பாறை வடக்கே சரிந்து இறங்கிய பிளவு. அதற்கு வடக்கே உள்ள பாறைகள் எல்லாம் தெத்திஸ் கடலின் அடியில் படிந்த சேறும் சுண்ணாம்பும். கோரக்பூரில் ஏறிய நாங்கள், 2,700 மீட்டர் உயரத்தில் கடலடிக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

மறுநாள் முக்திநாத்தில் அம்மா நூற்றெட்டுத் தாரைகளிலும் தலையை நனைத்தாள். 3,700 மீட்டருக்கு மேலே, பனிக்கட்டி போன்ற தண்ணீர். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளில்லை. தரிசனம் முடிந்து இறங்கும் வழியில், துணி விரித்துக் கற்களை அடுக்கி வைத்திருந்த ஒரு பெண்ணிடம் ஒரு சாளக்கிராமம் வாங்கினாள். சாளக்கிராமத்துக்கு விலை பேசக்கூடாது என்று கேட்ட பணத்தைக் கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல். ஒரு பக்கம் உடைந்து, உள்ளே சக்கரம் போல வரிவரியாகச் சுருள். நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் தெத்திஸ் கடலில் நீந்திய அம்மோனைட். கணவாய்க்குத் தூரத்து உறவு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைப்பதும் இதே குடும்பம்தான். அங்கிருந்து எடுத்த ஒன்று எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது.

“என்னல, கல்லையே வெறிச்சுப் பாக்க?”

“யம்மா, இது கடல்ல கெடந்த உசுரு. கணவாய் மாதிரி. இந்த எடம் பூரா ஒரு காலத்துல கடல்தான்.”

அம்மா கல்லை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “பாற்கடல்ல படுத்திருக்கவருக்குக் கடலென்ன, மலையென்ன? வா, கூட்டம் போயிரும்.”

இதே தெத்திஸ் பக்கத்துப் பாறைகள்தான் எவரெஸ்ட்டின் உச்சியிலும் இருக்கின்றன. 8,848.86 மீட்டர் உயரத்தில் சுண்ணாம்புக்கல், அதற்குள் கடல் உயிர்களின் துணுக்குகள். அவ்வளவு உயரத்துக்கு அதைத் தூக்கியது எது? ஆண்டுக்கு 2 செ.மீ. நெருக்கம். சரி, அந்த 2 செ.மீ. எப்போது நடக்கிறது? ஒவ்வொரு நாளும் துளித்துளியாகவா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தபோதுதான் என் கரும்பலகை வாக்கியம் தப்பு என்று பட்டது.

தாய்ப்பிளவின் ஆழமான பகுதி, உயர்ந்த சிகரங்களுக்கும் திபெத்துக்கும் அடியில், சூட்டில் இளகியிருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அங்கிருந்து தெற்கே, பட்வல் போன்ற அடிவார ஊர்கள் வரைக்கும், ஏறக்குறைய 100 கி.மீ. அகலத்துக்குப் பாறையும் பாறையும் இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. வடக்கே ஆழத்தில் 2 செ.மீ. போய்விட்டது, தெற்கே ஒன்றும் போகவில்லை. நடுவில் இருக்கும் மலை அந்த வித்தியாசத்தை வில் வளைவது போல வளைந்து தாங்குகிறது. மலைமேல் நட்டுவைத்த ஜி.பி.எஸ். கருவிகள் அந்த வளைவை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் காட்டுகின்றன. ஐம்பது, நூறு, ஐந்நூறு ஆண்டு என்று இப்படி வளையும். ஒருநாள் பிடி விட்டுவிடும். சேர்த்துவைத்த மீட்டர் கணக்கு அத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் நகர்ந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நாம் நிலநடுக்கம் என்கிறோம். மலை தெற்கே ஒரு அடி எடுத்துவைப்பதும் அந்த நிமிடத்தில்தான்.

நிலநடுக்கத்தை மலைப்பகுதியில் அவ்வப்போது வரும் ஒரு விபத்து போலவே நான் நடத்தியிருக்கிறேன். ‘இமயமலை’ ஒரு பாடம், ‘இயற்கைப் பேரிடர்கள்’ வேறொரு பாடம். நடுவில் நாற்பது பக்கம். இரண்டும் ஒரே நிகழ்ச்சி. இப்போது ‘மோதிக்கொண்டிருப்பதால் உருவாகிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதிப்போடுகிறேன். வாய்க்கு நீளம்தான். இருக்கட்டும்.

திரும்பும் வழியில் காட்மாண்டு. அங்கே பசுபதிநாதரைப் பார்த்துவிட்டு ஒருநாள் பக்தபூரில் தங்கினோம். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நிலநடுக்கம் நடந்து மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கோயில் சுவர்களுக்கு மரச்சட்டம் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பழைய செங்கல்லைச் சுத்தம் செய்து சந்து ஓரங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். தங்குமிடத்தில் டீ கொண்டுவந்து கொடுத்த பெரியவர் இந்தியில் சொன்னார்: அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது, முதலில் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன, அப்புறம் தூசி, பக்கத்து வீடு தெரியாத அளவுக்குத் தூசி.

காலை 11:56. காட்மாண்டுவுக்கு வடமேற்கே கோர்க்கா மாவட்டத்தில் பர்பாக் என்ற மலைக்கிராமத்துக்கு அடியில் பிடி விட்டது. அளவு 7.8. அங்கிருந்து கிழக்கு நோக்கி, துணி கிழிவது போல, வினாடிக்கு ஏறக்குறைய 3 கி.மீ. வேகத்தில், 140 கி.மீ. நீளத்துக்கு ஓடியது. பாறை பல இடங்களில் 3 மீட்டருக்கும் அதிகமாக நழுவியது. இதே பகுதியில் அதற்கு முந்தைய பெரிய நிலநடுக்கம் 1833-இல். 182 ஆண்டுகளை 2 செ.மீ.யால் பெருக்கினால் 3.64 மீட்டர். இந்தப் பெருக்கலை நான் பேருந்தில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். விடையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். காட்மாண்டு நகரம் முழுசாக ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே எழும்பி, ஒன்றரை மீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்துவிட்டது. வடக்கே, பனிமலைகளின் ஒரு பகுதி சற்றுத் தாழ்ந்தது. வளைந்திருந்த வில் நிமிரும்போது அப்படித்தான் ஆகும்.

காட்மாண்டு ஒரு பழைய ஏரியின் களிமண் மேல் இருக்கிறது. அந்த மண், நடுக்கத்தை வாங்கி, 4 அல்லது 5 வினாடிக்கு ஒருமுறை மெதுவாக ஊசலாடியது. தரஹரா கோபுரம் போன்ற உயரமானவை அந்த ஊசலில் சிக்கின. தாழ்ந்த வீடுகளுக்கு, பயந்த அளவு அடி விழவில்லை. ஆனால் மலைக்கிராமங்களில், மண்சாந்து வைத்துக் கட்டிய கல்வீடுகள் மொத்தமாகச் சரிந்தன. லாங்டாங் கிராமத்தின் மேல் பனியும் பாறையும் வந்து விழுந்து, ஊரே இல்லாமல் போனது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். 5 லட்சம் வீடுகள் இடிந்தன. மே 12-இல் கிழக்கு முனையில் மறுபடி 7.3.

ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. நேபாளத்தில் வாராந்திர விடுமுறை சனிக்கிழமைதான். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் நொறுங்கி விழுந்தன, உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2005 அக்டோபர் 8, அதுவும் சனிக்கிழமை. இதே மோதலின் மேற்கு முனையில், பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரிலும் பாலாகோட்டிலும், காலை 9 மணியை ஒட்டி 7.6. அங்கே அப்போது சனிக்கிழமையும் பள்ளி இருந்தது. பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் போய்விட்டார்கள். மொத்தச் சாவு 80,000-க்கு மேல். எனக்கு இதைக் கடந்துபோக முடியவில்லை. நான் வாத்தியார். காலை 9 மணிக்கு வருகைப் பதிவேடு எடுக்கும்போது, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது, சில நாள் அந்த ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஏன் இப்படி நடக்கிறது என்ற கேள்வி எங்கள் ஊரிலும் ஒருமுறை பெரிதாக எழுந்தது. 1934 ஜனவரி 15 மதியம், கிழக்கு நேபாளத்தில் தாய்ப்பிளவு அறுந்தது. அளவு 8-க்கு மேல். நேபாளத்திலும் பீகாரிலுமாகப் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். முங்கேர் தரைமட்டமானது. கங்கைச் சமவெளியின் ஈர வண்டல் கூழாகி, வயல்களில் மணலும் தண்ணீருமாகப் பீறிட்டது. காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னிந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இந்தப் பூகம்பம் என்றார். தாகூருக்கு அது பொறுக்கவில்லை. தீண்டாமையை அவரும் எதிர்த்தவர். ஆனால் இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணம்தான் உண்டு, அறத்தோடு முடிச்சுப் போடக்கூடாது என்று எழுதியனுப்பினார். காந்தி அதைத் தம்முடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, தம் நம்பிக்கையில் உறுதியாக நின்று பதிலும் எழுதினார்.

நான் தாகூர் பக்கம். முங்கேரில் செத்த ஏழை என்ன பாவம் செய்தான்? அன்றைக்குத் தாய்ப்பிளவு என்ற ஒன்று யாருக்கும் தெரியாது. பிற்பாடு கிழக்கு நேபாள அடிவாரத்தில் குழி தோண்டி, மண் அடுக்குகளில் கிடந்த கரித்துண்டுகளின் வயதை அளந்தார்கள். 1934-இல் பிளவு தரை வரைக்கும் வந்து மண்ணை வெட்டியிருப்பது தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு வெட்டு. அது 1255-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நேபாள அரசன் அபய மல்லன் அந்த நிலநடுக்கத்தில்தான் இறந்தான். இரண்டுக்கும் இடையில் 679 ஆண்டு. பாறைக்கு யார் எந்தச் சாதி என்று தெரியாது. எந்தச் சுவர் விழும் என்பதில்தான் மனிதர்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும் கணக்குக்கு வருகிறது. சாந்து எதில் குழைத்தார்கள், தூணில் கம்பி போட்டார்களா, காசில்லாதவன் வீட்டைப் பற்றி யாராவது கவலைப்பட்டார்களா என்பதெல்லாம்.

கோர்க்காவுக்கு மேற்கே உள்ள நிலத்தை நினைத்தால் எனக்கு நிம்மதி இல்லை. மேற்கு நேபாளத்தில் கடைசியாக மிகப்பெரிய நிலநடுக்கம் வந்தது 1505-இல். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, 2 செ.மீ. வீதம் 10 மீட்டர். 2023 நவம்பரில் ஜாஜர்கோட்டில் வந்தது அதன் முன்னால் மிகச் சிறியது. அதற்கே 150 பேருக்கு மேல் போனார்கள். பொக்காராவில் நாங்கள் தங்கி, ஏரியைப் பார்த்துக்கொண்டு பொங்கல் சாப்பிட்டோமே, அந்த நகரம் நிற்கும் மேடே நிலநடுக்கம் கொண்டுவந்து போட்டதுதான். இடைக்காலத்தில் மூன்று பெரிய நடுக்கங்கள், ஏறத்தாழ 1100, 1255, 1344 வாக்கில், அன்னபூர்ணாவின் மடியிலிருந்து பாறையும் மண்ணுமாக 60 கி.மீ. தூரம் அடித்துவந்து பள்ளத்தாக்கை நிரப்பின. கல்லூரி வளாகத்தில் ஒரு பாறை நிற்கிறது, வீடளவு. அதுவும் அப்படி உருண்டு வந்ததுதான்.

பக்தபூரில் இரண்டாம் நாள் காலை, அம்மா சாளக்கிராமத்துக்குத் துளசி தேடிக்கொண்டிருந்தாள். நான் சந்து வழியே நடந்து ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் போய் நின்றேன். புதிதாகக் கட்டிய இரண்டு மாடி. இன்னும் பூசவில்லை, செங்கல் தெரிந்தது. அன்றும் சனிக்கிழமை, கேட் பூட்டியிருந்தது. கம்பிக்கு இடையில் பார்த்தேன். ஜன்னலின் அடிமட்டத்தில் கட்டிடத்தைச் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை ஓடியது. லிண்டல் மட்டத்தில் இன்னொன்று. கூரைக்குக் கீழே மூன்றாவது. மூலைகளில் கம்பி வைத்த தூண்கள், பட்டையோடு பட்டையாகப் பிணைத்து. தரைத்தளத்தில் எண்ணினேன், பிறகு மேல்தளத்தில் எண்ணினேன். பக்கவாட்டுச் சுவருக்குப் போய் அங்கேயும் எண்ணினேன். பேருந்து கிளம்பப்போகிறது என்று அம்மா ஆள் அனுப்பியிருந்தாள்.